மேற்பூச்சின் கனமும் பொருள்களின் ஆயுளும்

இரும்புத் தகடு, நீர்க்குழாய், மின்கம்பி, வாளி, மிதிவண்டியின் கைப்பிடி, உணவு அடைக்கும் டப்பா ஆகிய யாவும் ஏதேனும் ஒரு மேற்பூச்சின் துணைகொண்டே நீடித்து உழைக்கின்றன. பூச்சின் அடியில் இருக்கும் இரும்பு பாரத்தைத் தாங்குகிறது. மேலே இருக்கும் பூச்சு காற்றையும் ஈரத்தையும் உப்பையும் தாங்குகிறது. பூச்சு அழிந்தால், எத்துணை வலிமை வாய்ந்த இரும்பும் சில ஆண்டுகளில் துருவாய் உதிர்ந்துவிடும்.

பொருள்களை வாங்குவோரும் ஏற்றுக்கொள்வோரும் பூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்ப்பது அரிது. 8 மைக்ரான் கனமுள்ள துத்தநாகப் பூச்சும் 19 மைக்ரான் கனமுள்ள துத்தநாகப் பூச்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். கடையில் காணப்படாத இவ்வேற்றுமை, கடற்கரையில் இரண்டாம் மழைக்காலத்திற்குள் வெளிப்பட்டுவிடும். ஒரு கிராமத்துப் பள்ளியின் கூரை மூன்று ஆண்டு நிலைக்குமா, பதினைந்து ஆண்டு நிலைக்குமா என்பதை இந்தச் சிறு வேற்றுமையே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆதலின், பூச்சின் கனம் என்ன செய்கிறது, அது எவ்வளவு இருத்தல் வேண்டும், அதனை எவ்வாறு அளப்பது என்னும் மூன்றும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை. கனம் என்னும் சொல் இக்கட்டுரையில் தடிப்பையே குறிக்கும், எடையைக் குறிக்காது.

அளவும் அலகும்

பூச்சின் கனத்தை மில்லிமீட்டரில் கூறுவது வசதியாக இராது. எனவே மைக்ரான் என்னும் அலகு கையாளப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான் ஆகும். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் தடிப்புள்ளது. கூரைத் தகட்டின் துத்தநாகப் பூச்சு அதனினும் பலமடங்கு மெல்லியது.

வணிகத்தில் துத்தநாகப் பூச்சின் அளவைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பதே வழக்கம். துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். ஆகவே ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்திற்குப் படிந்துள்ள துத்தநாகத்தின் எடை 7.14 கிராம் ஆகும். கிராமை 7.14 ஆல் வகுத்தால் மைக்ரான் கிடைக்கும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தகடுகளுக்குக் கூறப்படும் கிராம் அளவு இருபக்கங்களையும் சேர்த்தே கூறப்படுவது. 275 கிராம் தரமுள்ள தகட்டில் ஒரு பக்கத்திற்கு 137.5 கிராம் மட்டுமே உண்டு. அதன் கனம் ஏறத்தாழ 19 மைக்ரான். 120 கிராம் தரமுள்ள தகட்டில் ஒரு பக்கத்திற்கு 60 கிராம், கனம் 8.4 மைக்ரான். இருபக்க அளவை ஒருபக்க அளவாக எண்ணிவிடின், பூச்சு உள்ளதைப்போல் இருமடங்கு இருப்பதாகப் பிழையாகக் கணக்கிட நேரும்.

பூச்சின் உலோகம் மாறினால் இக்கணக்கும் மாறும். நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும் எஞ்சியதிற் பெரும்பங்கு துத்தநாகமும் கொண்ட கலப்புலோகப் பூச்சு இக்காலத்தில் கூரைத் தகடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. இதன் அடர்த்தி ஏறத்தாழ 3.75 மட்டுமே. ஆகையால் இருபக்கமும் சேர்ந்து 150 கிராம் உள்ள இத்தகட்டிலும் ஒரு பக்கத்தின் கனம் 20 மைக்ரான் வருகிறது. கிராம் குறைவு என்பதால் பூச்சும் மெல்லியது என்று கொள்ளலாகாது.

தன்னை அழித்துக் காக்கும் பூச்சு

துத்தநாகம் நம் நாட்டிற்குப் புதியதன்று. இராஜஸ்தானத்தில் உள்ள ஜாவர் என்னுமிடத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தை வடித்தெடுத்த உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்துப் பூச்சேற்றும் முறைக்கு 1837 ஆம் ஆண்டில் ஸ்தனிஸ்லாஸ் சோரேல் என்னும் பிரெஞ்சுப் பொறியியலர் காப்புரிமை பெற்றார். அம்முறை இன்றும் அடிப்படையில் மாறாது நடந்துவருகிறது.

துத்தநாகம் இரும்பை இரு வகையில் காக்கிறது. முதலாவதாக, அது ஒரு போர்வை போல் நின்று நீரையும் காற்றையும் தடுக்கிறது. இரண்டாவதாக, பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்ட இடத்தில் ஈரம் படிந்தால், அங்கு ஒரு சிறு மின்கலம் தோன்றுகிறது. அக்கலத்தில் இரும்பைவிடத் துத்தநாகமே எளிதில் கரையும் இயல்புடையது. ஆகையால் அது கரைந்து இரும்பைக் காக்கிறது. தகட்டை வெட்டிய விளிம்பிலும் ஆணி அடித்த துளையிலும் உடனே துரு ஏறாமைக்கு இதுவே காரணம்.

இவ்வாறு தன்னையே செலவிட்டுக் காக்கும் பூச்சின் ஆயுள், செலவிடுவதற்கு எவ்வளவு இருப்பு உள்ளது என்பதைப் பொறுத்தது. துத்தநாகப் பூச்சின் ஆயுள் அதன் கனத்திற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் உள்ளது என்பது அனுபவத்தாலும் பரிசோதனையாலும் உறுதிப்பட்ட உண்மை. கனம் இரட்டித்தால் ஆயுளும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

செலவாகும் வேகமோ இடத்திற்கு இடம் மாறுகிறது. சர்வதேசத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் விதி, காற்று மண்டலத்தை அதன் அரிக்கும் ஆற்றலுக்கேற்ப வகுத்துள்ளது. அதன்படி, அரிப்புக் குறைந்த வறண்ட உள்நாட்டுப் பகுதியில் துத்தநாகம் ஆண்டிற்கு 0.1 முதல் 0.7 மைக்ரான் வரை தேய்கிறது. மிதமான அரிப்புள்ள சூழலில் 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேய்கிறது. உப்புக்காற்று வீசும் கடற்கரை போன்ற மிகக் கடுமையான சூழலில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேய்கிறது. அதனினும் கடுமையான இடங்களும் உண்டு.

இவ்வெண்களைக் கொண்டு எளியதொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8.4 மைக்ரான் பூச்சுள்ள தகடு, ஆண்டிற்கு 0.5 மைக்ரான் தேயும் வறண்ட ஊரில் 16 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். ஆண்டிற்கு 2 மைக்ரான் தேயும் ஊரில் 4 ஆண்டுகளே நிற்கும். ஆண்டிற்கு 6 மைக்ரான் தேயும் கடலோரத்திலோ ஒன்றரை ஆண்டுகூட நில்லாது. 19 மைக்ரான் பூச்சு இம்மூன்று இடங்களிலும் முறையே 38, 9, 3 ஆண்டுகள் தாங்கும். உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த 85 மைக்ரான் பூச்சு கடலோரத்திலும் 14 ஆண்டுகள் தாங்கும். இவை தோராய மதிப்புகளே. முதல் ஆண்டின் தேய்மானத்தை வைத்து விதி வகுக்கப்பட்டுள்ளது. பல இடங்களில் பின்னைய ஆண்டுகளில் தேய்மானம் சற்றுக் குறையும். எனினும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதற்கு இக்கணக்குப் போதுமானது.

கடலுக்கு எவ்வளவு அண்மையில்

தமிழ்நாட்டின் மண்டபம் கடற்கரை, அரிப்பு ஆராய்ச்சியாளர்கள் நன்கறிந்த இடம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அங்கு உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் சட்டங்களிற் பொருத்திவைத்து அவற்றின் தேய்மானத்தை ஆராய்ந்துள்ளது. 1948 ஜூலை 25 ஆம் நாள் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 ஆம் நாள் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்ட நிலையம் அது. மண்டபத்தை அடுத்துள்ள பாம்பன் கால்வாயின்மீது 1914 இல் திறக்கப்பட்ட இரயில் பாலத்தைத் துருவினின்று காப்பது பல தலைமுறைப் பொறியியலருக்கு ஓயாத பணியாக இருந்தது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் பாலிசைலாக்சேன் என்னும் சிறப்பு வகை வர்ணப்பூச்சுக் கையாளப்பட்டுள்ளது.

இத்தகைய இடங்களில் அரிப்பு மிகுவதற்குக் காரணம் அலைகள் உடைந்து தெறிக்கும் உப்புத் துளிகளே. அத்துளிகள் காற்றில் நெடுந்தூரம் செல்வதில்லை. கரையினின்று உள்ளே செல்லச் செல்ல உப்பின் படிவு விரைவாகக் குறைகிறது. ஆகவே ஒரே மாவட்டத்தில், கரையோரக் குப்பத்திற்கும் சில மைல் தொலைவிலுள்ள ஊருக்கும் ஒரே தரத் தகட்டை வாங்குவது சிக்கனம் ஆகாது. கரையோரத்திற்குக் கனத்த பூச்சும் அதன்மேல் வர்ணமும் வேண்டும். உள்ளூருக்கு நடுத்தரப் பூச்சே போதும்.

தடுத்துக் காக்கும் பூச்சு

எல்லா உலோகப் பூச்சும் துத்தநாகம் போல் தன்னைச் செலவிடுவதில்லை. மிதிவண்டியின் கைப்பிடியிலும் குளியலறைக் குழாயிலும் காணப்படும் நிக்கல், குரோமியம் ஆகியவை இரும்பைவிட எளிதில் கரையாதவை. அவை தடுப்புச் சுவராக மட்டுமே நின்று காக்கின்றன. சுவரில் ஒரு துளை இருப்பின் நிலைமை தலைகீழாகிறது. அத்துளையின் அடியில் உள்ள இரும்பே கரையும் முனையாகிவிடுகிறது. சுற்றிலும் உள்ள பெரும் நிக்கல் பரப்பு அதன் கரைவை விரைவுபடுத்துகிறது. பூச்சு இல்லாத இரும்பு பரவலாகத் துருவேறும். துளையுள்ள பூச்சின் அடியிலோ இரும்பு ஒரே புள்ளியில் ஆழமாகத் துருவேறும். புது மிதிவண்டியில் ஊசிமுனை அளவில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் இதன் அறிகுறியே.

மெல்லிய மின்முலாமில் நுண்துளைகள் மிகுதி. கனம் கூடக்கூட, ஒரு துளையின்மேல் அடுத்த படிவு வந்து மூடுவதால் அவை விரைவாகக் குறைகின்றன. ஆதலின் வீட்டினுள் வைக்கும் பொருளுக்கு 10 மைக்ரான் அளவிலான நிக்கல் போதுமெனினும், வெயிலிலும் மழையிலும் நிற்கும் பொருளுக்கு 20 முதல் 30 மைக்ரான் வேண்டியிருக்கிறது. நிக்கலின்மேல் உள்ள குரோமியத்தின் கனமோ ஏறத்தாழ 0.3 மைக்ரான் மட்டுமே. அது பளபளப்பையும் கடினத்தையும் தருகிறது. காக்கும் சுமையை அடியில் உள்ள நிக்கல் சுமக்கிறது. கண்ணுக்குத் தெரிவது குரோமியம். ஆயுளை நிர்ணயிப்பது தெரியாத நிக்கல்.

பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசப்படும் வெள்ளீயமும் தடுப்புப் பூச்சே. புளியும் மோரும் செம்பைக் கரைத்து உணவிற் கலவாதபடி அது காக்கிறது. ஈயம் பூசுவோர் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி அழுக்கை நீக்கி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்துப் பரப்புவர். இப்பூச்சு மிக மெல்லியது. தேய்த்துக் கழுவுவதால் நாளடைவில் அழியும். உட்புறம் மஞ்சள் நிறம் தலைகாட்டும்போதே மீண்டும் பூசிவிட வேண்டும். விலை மலிவு கருதிக் காரீயத்தைக் கலந்து பூசுவது நஞ்சை விலைக்கு வாங்குவதாகும்.

மிகையும் குறையே

இதுகாறும் கூறியவற்றால், பூச்சு கனமாக இருக்க இருக்க நன்று என்று தோன்றலாம். அவ்வாறு கொள்வது தவறு. ‘ஈயம் பூசினாற்போலவும் இருக்கவேண்டும், பூசாததுபோலவும் இருக்கவேண்டும்’ என்னும் வழக்கு, பூச்சுத் தொழிலில் ஓரளவு நேர்ப்பொருளிலேயே உண்மையாகிறது.

வர்ணப்பூச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரே தடவையில் மிகையாகத் தடவினால், மேற்பரப்பு முதலில் காய்ந்து தோல் போலாகிவிடுகிறது. உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியின்றிக் கொப்புளங்களையும் சுருக்கங்களையும் உண்டாக்குகிறது. துத்தநாகப் பொடி கலந்த சிலிகேட் முதற்பூச்சு, குறித்த அளவிற்கு மேல் மிகுந்தால் வறண்ட ஏரியின் மண்போல் வெடித்துவிடுகிறது. இரண்டு மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட மேலானவை. முதற்பூச்சில் நேர்ந்த நுண்துளைகளை இரண்டாவது பூச்சு மூடிவிடுவதும் இதன் கூடுதல் நன்மை.

எனாமல் பாத்திரத்தின் பூச்சு கண்ணாடி இனத்தைச் சேர்ந்தது. உலையினின்று எடுத்துக் குளிரும்போது எனாமலைவிட இரும்பு மிகுதியாகச் சுருங்குவதால், எனாமல் அழுந்திய நிலையில் நிற்கிறது. இவ்வழுத்தம் ஓர் அளவுவரை அதற்கு வலிமை தருகிறது. பூச்சு தடித்துவிட்டால், உள்ளடங்கிய இறுக்கம் பெருகி, சிறிது தட்டினாலும் வளைந்தாலும் சில்லுகளாகத் தெறித்துவிடும்.

உருக்கிய துத்தநாகத்தில் தோய்க்கும் முறையிலும் இவ்வகைத் தொல்லை உண்டு. ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தொட்டியில், இரும்பும் துத்தநாகமும் கலந்து பல அடுக்குகளாகக் கலப்புலோகம் தோன்றுகிறது. அதன்மேல் தூய துத்தநாக அடுக்கு அமைகிறது. கலப்புலோக அடுக்குகள் கடினமானவை. அதே சமயம் நொறுங்கும் இயல்பினவை. எஃகில் சிலிக்கன் நூற்றுக்கு 0.04 முதல் 0.14 பங்குவரை இருப்பின், இக்கலப்புலோகம் கட்டுக்கடங்காது வளர்ந்து, பூச்சு தடித்து, மங்கிய சாம்பல் நிறம் பெறுகிறது. அத்தகைய பூச்சு அடிபட்டால் பெயர்ந்துவிடலாம். மாறாக, வளைத்தும் மடித்தும் உருவாக்கவேண்டிய தகடுகளுக்கு மெல்லிய பூச்சே பொருந்தும்.

பொருத்திச் செயற்படும் உறுப்புகளில் கனம் வேறொரு வகையில் தலையிடுகிறது. திருகாணியின் புரிகள் சாய்வானவை. ஆகையால் 60 டிகிரிப் புரியில் பூச்சின் கனத்தைப்போல் நான்கு மடங்கு புரியின் நடுவிட்டம் கூடுகிறது. 50 மைக்ரான் பூச்சேறிய திருகாணியில் அவ்விட்டம் 0.2 மில்லிமீட்டர் பெருத்துவிடும்; சாதாரண நட்டு அதில் ஏறாது. பூச்சேறிய திருகாணிக்கென்றே புரி அகலமாக வெட்டப்பட்ட நட்டைப் பயன்படுத்த வேண்டும். நட்டு ஏறவில்லையென்று திருகாணியின் பூச்சை அரத்தால் தேய்த்து எடுப்பது, காசு கொடுத்து வாங்கிய காப்பைக் கையாலேயே அழிப்பதாகும்.

துருவைத் தவிர்த்த பிற பண்புகள்

கனம் பொருளின் பிற பண்புகளையும் மாற்றுகிறது. நீரிறைக்கும் மோட்டாரின் சுருளில் உள்ள செம்புக்கம்பிக்கு மின்கடத்தாத எனாமல் பூசப்பட்டிருக்கிறது. பூச்சு மெலிந்தால் மின்னழுத்தம் அதனைத் துளைத்துச் சுருள் எரியும். பூச்சு தடித்தால் அதே பள்ளத்தில் இடங்கொள்ளும் செம்பு குறையும். கம்பியின் வெப்பமும் எளிதில் வெளியேறாது. சுருள் மாற்றும்போது கம்பியின் பூச்சுத் தரத்தையும் கவனிக்கவேண்டிய காரணம் இதுவே.

அலுமினியத்தின்மேல் அமிலக் கரைசலில் மின்சாரத்தால் வளர்க்கப்படும் ஆக்சைடுப் பூச்சு, சன்னல் சட்டங்களுக்கு 5 முதல் 25 மைக்ரான் கனம்வரை இடப்படுகிறது. தேய்மானத்தைத் தாங்கவேண்டிய உறுப்புகளுக்கு அதற்கு மேலும் வளர்க்கப்படுகிறது. இப்பூச்சு கடினமானது. ஆயினும் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும் உறுப்புகளில், தடித்த ஆக்சைடின் நுண்வெடிப்புகள் அடியிலுள்ள உலோகத்தினுள்ளும் பரவி அதன் களைப்புத் தாங்கும் வலிமையைக் குறைக்கின்றன.

கனத்தின் நுட்பம் உச்சநிலையை எட்டுவது ஒளிக்கருவிகளில் ஆகும். காமிராக் கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பதைக் குறைக்க மக்னீசியம் புளோரைடு பூசப்படுகிறது. அதன் கனம் ஏறத்தாழ 0.1 மைக்ரான் இருப்பின், பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் எதிரொளிக்கும் பச்சை ஒளியலைகள் ஒன்றையொன்று பெரிதும் அழித்துக்கொள்கின்றன. கனம் சற்று மாறினாலும் பயன் வேறு நிறத்திற்கு நகர்ந்துவிடும். சோப்புக் குமிழியில் தோன்றும் நிறங்களும் இவ்வகைக் கனவேற்றுமையால் விளைபவையே.

கனம் ஒன்றே எல்லாம் ஆகாது என்பதற்கு டெல்லியில் உள்ள இரும்புத்தூண் சான்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் கடந்த அத்தூணின்மேல் இயற்கையாகத் தோன்றியுள்ள காப்புப் படலம், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவினதே. பண்டைய இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்தமையால் நெருக்கமான பாஸ்பேட்டுப் படலம் உருவாயிற்று என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். படலம் நெருக்கமாகவும் நன்கு பற்றியும் இருந்தால் மெல்லியதும் காக்கும்; அழுக்கும் எண்ணெயும் நீக்காத பரப்பில் இட்ட தடித்த பூச்சோ தோலாக உரிந்துவிடும்.

மெல்லிய இடமே ஆயுளை நிர்ணயிக்கும்

ஒரு தகட்டின் பூச்சு சராசரியாக 20 மைக்ரான் என்று கூறினால் அது முழுச் செய்தி ஆகாது. ஓரிடத்தில் 30, மற்றோரிடத்தில் 10 என்றிருப்பினும் சராசரி 20 தான். துருவோ சராசரியைப் பார்ப்பதில்லை. 10 மைக்ரான் உள்ள இடத்தில் தொடங்கிவிடும். கரையில் தாழ்ந்த இடம் எதுவோ அதன் வழியேதான் ஏரி உடையும்.

இதனாற்றான் தோய்ப்புப் பூச்சிற்கான ஐ.எஸ்.ஓ. 1461 விதி இரண்டு எண்களைக் கூறுகிறது. 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ள எஃகிற்குச் சராசரி 85 மைக்ரானுக்குக் குறையலாகாது. எந்த ஓர் இடத்திலும் 70 மைக்ரானுக்குக் குறையலாகாது.

மெல்லிய இடங்கள் தோன்றுவதற்குக் காரணங்கள் உள. மின்முலாம் பூசுகையில் மின்சாரம் விளிம்புகளிலும் முனைகளிலும் மிகுதியாகச் சேர்கிறது; ஆங்கே பூச்சுத் தடித்துப் பள்ளங்களில் மெலிகிறது. வர்ணத்திலோ இதற்கு மாறானது நிகழ்கிறது. பரப்பு இழுவிசையால் வர்ணம் கூரிய விளிம்பினின்று பின்வாங்குகிறது. விளிம்பே முதலில் துருவேறுகிறது. விளிம்புகளையும் பற்றவைத்த இணைப்புகளையும் திருகாணித் தலைகளையும் தூரிகையால் ஒருமுறை தனியே பூசியபின் முழுப்பரப்பையும் பூசுவது இதற்குரிய பரிகாரம்.

அளந்தறியும் முறைகள்

எளிய காந்த அளவி, களப்பணியாளருக்குப் பெரிதும் பயன்படும். இரும்பைக் காந்தம் இழுக்கும் விசை, இடையிலுள்ள காந்தப்பற்றற்ற பூச்சு தடிக்கத் தடிக்கக் குறைகிறது. அவ்விசையை அளவி மைக்ரானில் காட்டுகிறது. அலுமினியம் போன்ற பரப்புகளுக்குச் சுழல்மின்னோட்ட அளவி ஏற்றது. எக்கருவியாயினும், பூச்சில்லாத அதே வகைத் தகட்டிலும் கனம் தெரிந்த படலத்திலும் வைத்துச் சரிபார்த்த பின்னரே அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளந்து முடித்துவிடாமல் பல இடங்களில் அளந்து, சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் குறித்துவைத்தல் வேண்டும்.

வர்ணத்தை அது ஈரமாக இருக்கும்போதே சீப்பு வடிவ அளவியால் அளக்கலாம். வர்ணத்தின் கன அளவில் திடப்பொருள் நூற்றுக்கு 50 பங்காயின், 100 மைக்ரான் ஈரப்பூச்சு உலர்ந்து 50 மைக்ரான் ஆகும். கரைப்பானை மிகுதியாக ஊற்றி வர்ணத்தைப் ‘பெருக்கினால்’ இவ்விகிதம் குறைந்து, உலர்ந்த பூச்சு மெலிந்துவிடும். பூசியபின் பார்வைக்கு வேற்றுமை தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் துத்தநாகப் பூச்சைக் கரைத்து எடைபோடுவர். 10 சென்டிமீட்டர்ச் சதுரத் துண்டை எடைபார்த்து, ஆண்டிமனி குளோரைடு சேர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடுவர். ஆண்டிமனி இரும்பைக் கரையவிடாது காக்கிறது. வாயுக் குமிழிகள் அடங்கியதும் துண்டைக் கழுவி உலர்த்தி மீண்டும் எடைபார்ப்பர். எடைக்குறைவு 2.75 கிராம் எனில் தகடு 275 கிராம் தரத்தது, 1.20 கிராம் எனில் 120 கிராம் தரத்தது. இது நச்சுப்பொருள் கலந்த சோதனையாதலால் பள்ளிகளில் செய்யத்தக்கதன்று.

பூச்சு சமச்சீராக உள்ளதா என்பதை அறிய மயில்துத்தக் கரைசலில் தோய்க்கும் பிரீஸ் சோதனை உதவும். துத்தநாகம் பூசிய கம்பியைக் குறித்த செறிவுள்ள கரைசலில் ஒரு நிமிடம் தோய்த்து, கழுவித் துடைத்து, மீண்டும் தோய்ப்பர். துத்தநாகம் உள்ளவரை துடைத்தால் நீங்கும் கருமையான படிவே தோன்றும். எங்கேனும் இரும்பு வெளிப்பட்டதும், அங்கு மட்டும் செம்பு பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை தோய்ப்பைத் தாங்கிற்று என்பதும், செம்பு முதலில் எங்குத் தோன்றிற்று என்பதும் பூச்சின் மெல்லிய இடத்தைக் காட்டிவிடும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

பூச்சின் கனத்தை மாணவர் தாமே கணக்கிட்டு அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நன்கு தேய்த்துக் கழுவிய பித்தளைத் துண்டை எடைபோட்டு, இருபக்கமும் சேர்ந்து 50 சதுர சென்டிமீட்டர் முழுகுமாறு மயில்துத்தக் கரைசலில் எதிர்மின்வாயாகத் தொங்கவிட வேண்டும். செம்புத் தகட்டை நேர்மின்வாயாக வைக்கலாம். 0.5 ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால், பாரடேயின் விதிப்படி 0.59 கிராம் செம்பு படியும். செம்பின் அடர்த்தி 8.96. எனவே படிந்த செம்பின் கன அளவு 0.066 கன சென்டிமீட்டர். அதனை 50 ஆல் வகுத்தால் கனம் ஏறத்தாழ 13 மைக்ரான் எனத் தெரியும். துண்டை உலர்த்தி எடைபோட்டு, கணக்கிட்ட எடையோடு ஒப்பிடலாம்.

பித்தளைக்குப் பதிலாக இரும்பைப் பயன்படுத்தலாகாது. இரும்பு கரைசலிற் பட்டவுடனே மின்சாரம் இன்றியே செம்பு அதன்மேல் படிந்துவிடும். அப்படிவு விரலால் தேய்த்தாலே உதிரும். இதனையும் மாணவருக்கு ஒருமுறை காட்டுவது நன்று. நிறம் ஒன்றாயினும் பற்று வேறு என்பதை அவர்கள் நேரிற் காண்பர். சோதனை முடிந்த கரைசலைக் குளத்திலோ கிணற்றருகிலோ ஊற்றாமல் பத்திரப்படுத்தி மறுமுறை பயன்படுத்துதல் வேண்டும்.

ஏற்றுக்கொள்ளுமுன் கவனிக்கவேண்டியவை

பூச்சுள்ள பொருளைத் தேர்ந்தெடுப்போர் முதலில் மூன்று செய்திகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொருள் நிற்கப்போகும் இடம் எத்தகையது? எத்தனை ஆண்டு உழைக்கவேண்டும்? பின்னர் அது வளைக்கப்படுமா, புரியேறுமா, உராயுமா? இவற்றிற்கு விடை கிடைத்தபின், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிய விதியைப் பார்த்து, பூச்சின் கனத்தையோ கிராம் அளவையோ கொள்முதல் ஆணையில் எழுத வேண்டும். ‘நல்ல பூச்சு’ என்று எழுதுவது அளவுகோலாகாது.

வந்திறங்கிய தகடுகளைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். நெருக்கமாக அடுக்கிய புதுத் தகடுகளுக்கிடையே மழைநீர் புகுந்து தங்கினால், காற்றோட்டம் இன்றித் துத்தநாகம் வெண்பொடியாக அரிபடுகிறது. கூரையேறுமுன்பே பூச்சின் ஒரு பகுதி இவ்வாறு வீணாகிவிடும். தகடுகளைத் தரையினின்று உயர்த்தி, சற்றுச் சாய்த்து, இடைவெளிவிட்டு, மழை படாமல் அடுக்கிவைத்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

பூச்சில் சில மைக்ரான் கூடுவதற்காகும் செலவு, கூரை முழுவதையும் பிரித்து மீண்டும் வேய்வதற்காகும் செலவில் ஒரு சிறு பங்கே. அச்சில மைக்ரான்கள் உண்மையில் இருக்கின்றனவா என்பதைப் பொருளை ஏற்றுக்கொள்ளும் நாளிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். துரு காட்டிக்கொடுக்கும்வரை காத்திருந்தால், அப்போது அளப்பதற்குப் பூச்சு எஞ்சியிராது.